ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை: நிறைய ஓடிய டர்ட் பைக்கில் கிளட்ச் கோளாறைக் கண்டுபிடிப்பது

கல்லும் மண்ணுமாகக் கிடந்த ஓர் ஏற்றம், இரண்டாம் கியர். பாதி ஏறியிருப்பேன், இன்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. பின் சக்கரம் மட்டும் அதே மெதுவான வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது. கூடவே ஒரு கருகல் வாடை. பிளேட் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. திரும்பி வந்ததும் புது பிளேட் செட் மாட்டினேன், ஸ்லிப் ஆவது நின்றது. ஆனால் வண்டி நிற்கும்போது நியூட்ரல் விழவில்லை. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் நகரப் பார்த்தது. ஸ்பிரிங் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், ஆயில் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் மறுபடி கவரைக் கழற்றி, பிளேட் அடுக்கைச் சுற்றி இருக்கும் கூடை போன்ற பாகமான பாஸ்கெட்டின் விரல் ஒன்றின் மேல் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் வரிசையாகப் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. முதல் தடவை திறந்தபோதும் அந்தப் பள்ளங்கள் அங்கேதான் இருந்திருக்கும். நான் பிளேட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

நிறைய ஓடிய வண்டியில் இரண்டு தேய்மானம் சேர்ந்தே நடக்கும். ஒன்று பிளேட்டின் தேய்மானம், அது ஸ்லிப்பாகத் தெரியும். இன்னொன்று பிளேட் உட்கார்ந்திருக்கும் பாகங்களின் தேய்மானம், அது கிளட்ச் விடாமல் இழுப்பதாகத் தெரியும். அறிகுறியைச் சரியாகப் படித்தால் எதைத் தேட வேண்டும் என்பது கவரைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். டர்ட் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் பல பிளேட் கிளட்ச். ஃப்ரிக்‌ஷன் பிளேட், எஃகு பிளேட் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் வெளிக்காதுகள் பாஸ்கெட்டின் விரல்களுக்கு நடுவே உட்காரும். எஃகு பிளேட்டின் உட்பற்கள் நடுவில் இருக்கும் ஹப்பின் பள்ளங்களில் உட்காரும். பாஸ்கெட் இன்ஜினோடு சுற்றும், ஹப் கியர்பாக்ஸோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தி இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். லீவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் தூக்கும், பிளேட்டுகள் விரல்களின் மேல் வழுக்கி நகர்ந்து ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அந்த வழுக்கல் தடைபட்டால் கிளட்ச் விடாது, அதாவது இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் முழுதாகப் பிரியாது.

முதலில் லீவரில் இருக்கும் ப்ளே

கேபிள் கிளட்ச் என்றால் லீவரைக் கொஞ்சம் தளர்வாக இழுக்க முடிய வேண்டும், அந்தத் தளர்ச்சிதான் ப்ளே. பல வண்டிகளின் கையேட்டில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்று இருக்கும். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளே சுத்தமாக இல்லையென்றால் நீங்கள் லீவரைத் தொடாமலே கேபிள் கிளட்ச்சைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல பிளேட்டும் அப்படி ஸ்லிப் ஆகும், கருகும். அதிகமாக இருந்தால் லீவர் கைப்பிடியைத் தொட்ட பிறகும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது.

இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்தப் பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிளேட் தேயத் தேய அடுக்கு மெலிகிறது, பிரஷர் பிளேட் உள்ளே போகிறது, பிரஷர் பிளேட்டைத் தூக்கும் கம்பியான புஷ்ராடு கேபிள் பக்கமாக வருகிறது. அதனால் ப்ளே குறையும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டியிருக்கிறதா? பிளேட் தேய்கிறது.

மாறாக, வாரக்கணக்கில் ப்ளே கூடிக்கொண்டே போனால் தேய்வது பிளேட் அல்ல. கேபிள் நீள்கிறது, அல்லது அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. இல்லையென்றால் புஷ்ராடின் முனையோ அதைத் தள்ளும் நெம்புகோலோ தேய்ந்திருக்கும். லீவரில் உட்காரும் கேபிள் முனைக் குண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். இழை அறுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

மூன்றாவது, சூட்டில் வருவது. மணலிலும் ஏற்றத்திலும் அரைக் கிளட்ச்சில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் பிளேட்டுகள் சூடாகி விரியும், அடுக்கு தடிக்கும், லீவர் தளர்ந்துபோகும். உடனே நாம் அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கிவிடுவோம். அப்புறம் கிளட்ச் ஆறியதும் அடுக்கு பழைய தடிமனுக்கு வரும், ப்ளே இல்லாமல் போகும், வண்டி ஸ்லிப் ஆகத் தொடங்கும். காலையில் நன்றாக இருந்த கிளட்ச் சாயங்காலம் கருகியது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நடுவில் எங்காவது கேபிளை இறுக்கினீர்களா, இறுக்கியதைத் திரும்பத் தளர்த்தினீர்களா? சூட்டில் இறுக்கலாம், தப்பில்லை. எத்தனை சுற்று என்று நினைவு வைத்துக்கொண்டு, ஆறியதும் திருப்பிவிட வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் லீவர் இந்த விஷயத்தைச் சொல்லாது, அது தானாகவே சரிசெய்துகொள்ளும். அங்கே மேலே உள்ள சின்ன டேங்க்கைத் திறந்து பாருங்கள். பிரேக்கில் பேட் தேய்ந்தால் திரவ மட்டம் இறங்கும். கிளட்ச்சில் பிளேட் தேய்ந்தால் மட்டம் ஏறும், ஏனென்றால் கீழே உள்ள பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டுத் திரவத்தை மேலே அனுப்புகிறது. மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. மூடியில் என்ன திரவம் என்று எழுதியிருக்கும். சில வண்டிக்கு டாட் 4 பிரேக் திரவம், சில வண்டிக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

ஆயிலையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் ஆயிலில் ஊறுவதால் ஆயிலின் உராய்வுக் குணம் கிளட்ச்சின் பிடிப்பை நேரடியாகப் பாதிக்கும். ஜப்பானின் ஜாசோ தரத்தில் எம்ஏ, எம்ஏ2 என்று குறித்தவை இப்படிப்பட்ட கிளட்ச்சுக்கானவை. எம்பி என்பது உராய்வு குறைந்தது, இங்கே வேண்டாம். எரிபொருள் மிச்சம் என்று விளம்பரம் செய்யும் கார் ஆயில்களும் வேண்டாம். ஆயில் மாற்றிய கையோடு ஸ்லிப் தொடங்கியிருந்தால், பிளேட்டைச் சந்தேகிக்கும் முன் சரியான ஆயிலை ஊற்றிச் சில தடவை ஓட்டிப் பாருங்கள். ஆயில் வெளிறிப் பால்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றைக் கடந்தபோது புகுந்ததா, வாட்டர் பம்ப் சீல் போய்விட்டதா என்று பார்த்துச் சரிசெய்யாமல் கிளட்ச்சைத் தொடுவதில் பயனில்லை.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

ஸ்லிப்பை உறுதிசெய்ய நல்ல தார்ச்சாலை வேண்டும். மண்ணில் டயர் சுழல்வதும் கிளட்ச் வழுக்குவதும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நான்காம் அல்லது ஐந்தாம் கியரில், நடுத்தர வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் குதித்து ஏறி, வேகம் பின்னால் மெல்ல வந்தால் ஸ்லிப். ஏற்றமான சாலை கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மேல் கியரில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழ் கியரில் வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடும், சுமை கிளட்ச் மேல் அதிக நேரம் நிற்காது. மேல் கியரில் இன்ஜினின் முழுப் பலமும் நீண்ட நேரம் கிளட்ச் மேலேயே நிற்கும். ஆரம்பநிலை ஸ்லிப் அங்கேதான் முதலில் வெளிப்படும். முதல் கியரிலேயே ஸ்லிப் தெரிகிறது என்றால் வெகுநாளாக நடந்துகொண்டிருக்கிறது.

கிளட்ச் போலவே நடிக்கும் இன்னொரு கோளாறு செயினும் ஸ்ப்ராக்கெட்டும். பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் செயின் தாவினால் அதுவும் சக்தி விட்டுவிட்டு வருவது போலத்தான் இருக்கும். ஆனால் அது தட் தட் என்று அடிக்கும். கிளட்ச் ஸ்லிப் அடிக்காது, வழவழவென்று நழுவும்.

ப்ளே சரி, ஆயில் சரி, அப்படியும் நழுவுகிறது என்றால் திறக்க வேண்டியதுதான். பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது பரப்பு எரிந்து கண்ணாடி போலாகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

கிளட்ச் லீவரைப் பிடித்தும் வண்டி நகர்கிறது, நியூட்ரல் விழவில்லை

இது என் வண்டியில் வந்த கோளாறு. முதலில் ஒரு விதிவிலக்கு: இரவு முழுக்க நின்ற வண்டியில், குளிர்ந்த ஆயிலில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் முதல் கியர் டமார் என்று விழுந்து வண்டி துள்ளினால் அது கோளாறு இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒட்டு விடும்.

இன்ஜின் சூடான பிறகும், சமதளத்தில், முதல் கியரில், லீவரை முழுக்கப் பிடித்திருக்கும்போது வண்டி ஊர்ந்தால்தான் இழுவை. கேபிளில் ப்ளே அதிகமா, ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று புகுந்திருந்தால் லீவர் பஞ்சு போல இருக்கும், வேகமாக இரண்டு மூன்று தடவை அழுத்தினால் கொஞ்சம் இறுகும். இரண்டும் இல்லையென்றால் எஃகு பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது பாஸ்கெட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். இரண்டையும் வெளியிலிருந்தே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். பிளேட் வளைந்திருந்தால் பெரும்பாலும் சூடேறும்போது இழுவை கூடும், கிளட்ச்சை ஒருமுறை நன்றாக எரித்த பிறகு தொடங்கியிருக்கும். பள்ளம் என்றால் சூடோ குளிரோ எப்போதும் இருக்கும். மெல்ல மெல்ல வளர்ந்திருக்கும். கிளட்ச் விடும்போதும் பிடிக்கும்போதும் ஒரே சீராக இல்லாமல் படிப்படியாகத் தாவும்.

எடுக்கும்போது உதறல்

வண்டி கிளம்பும்போது அதிர்ந்து அதிர்ந்து கிளம்பினால் எரிந்த பிளேட், சூட்டில் நீலம் பாய்ந்த எஃகு பிளேட், அல்லது ஸ்பிரிங்குகளுக்குள் ஏற்றத்தாழ்வு. சில வண்டிகளில் அடுக்கின் உட்பக்கம் இந்த உதறலைத் தடுக்கவே ஒரு மெல்லிய வளையமும் அதன் இருக்கையும் இருக்கும். முன்பு யாராவது திறந்து மூடும்போது அதைத் திருப்பிப் போட்டிருந்தாலோ, போடாமலே விட்டிருந்தாலோ புது பிளேட்டும் உதறும்.

சத்தம்

நியூட்ரலில் ஐட்லிங்கில் கலகலவென்று சத்தம், லீவரைப் பிடித்ததும் மாறுகிறது அல்லது நிற்கிறது என்றால் பாஸ்கெட் பக்கம் தளர்ச்சி. விரல்களுக்கும் பிளேட் காதுகளுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும், அல்லது பாஸ்கெட்டின் பின்னால் பெரிய கியரோடு சேரும் இடத்தில் இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ போயிருக்கும். சில வேளை கியர்பாக்ஸ் பேரிங்கும் இப்படிக் கத்தும். லீவரைப் பிடிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் புஷ்ராடு தள்ளும் சின்ன பேரிங்கைப் பாருங்கள்.

திறந்து பார்ப்பது

பெரும்பாலான டர்ட் பைக்குகளில் கிளட்ச் வலப்பக்கம்தான். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் ஆயிலை வடிக்காமலே கவரைக் கழற்றலாம். பேட்டரியும் டேங்க்கும் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். பிளேட் அடுக்கை எடுக்கும்போது ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். பல வண்டிகளில் முதல் பிளேட்டோ கடைசி பிளேட்டோ மற்றவற்றிலிருந்து வேறாக இருக்கும், கடைசி பிளேட்டின் காது பாஸ்கெட்டில் தனிப் பள்ளத்தில் உட்காரும். எடுத்த பிறகு யோசித்தால் நினைவு வராது.

ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை வெர்னியரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். புதிதில் சுமார் 3 மி.மீ. இருக்கும், பல வண்டிகளில் அதிலிருந்து 0.2 அல்லது 0.3 மி.மீ. குறைந்தாலே மாற்றச் சொல்வார்கள். இது அற்பமான அளவு போலத் தோன்றும். எட்டு பிளேட்டில் ஆளுக்கு 0.2 மி.மீ. என்றால் அடுக்கு மொத்தமும் 1.6 மி.மீ. மெலிந்துவிட்டது. ஸ்பிரிங்குகள் அவ்வளவு நீண்டுகொண்டுதான் அழுத்த வேண்டும், அழுத்தமும் அந்த அளவு குறையும். தடிமன் சரியாக இருந்து பரப்பு மட்டும் பளபளத்தால் பிளேட் எரிந்திருக்கிறது. முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை பிளேட்டிலேயே ஊறியிருக்கும்.

எஃகு பிளேட்டை ஒரு தடித்த கண்ணாடி மேல் வைத்துச் சுற்றிலும் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைத்துப் பாருங்கள். அனுமதிக்கும் வளைவு வண்டிக்கு வண்டி வேறு, 0.1 மி.மீ. வரை என்றும் உண்டு, 0.3 வரை என்றும் உண்டு. நீலம் பாய்ந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். தட்டையாக, நிறம் மாறாமல், வெறும் பளபளப்பு மட்டும் இருந்தால் கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துப் பரப்பை மங்கலாக்கினால் மறுபடி போடலாம். ஸ்பிரிங்குகளை ஒரே தளத்தில் நிற்க வைத்தால் குட்டையானது தனியாகத் தெரியும். பிளேட் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பாஸ்கெட். ஆயிலைத் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு விரலையும் பாருங்கள். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளின் காதுகள் ஆயிரக்கணக்கான தடவை முட்டிய இடத்தில் ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பள்ளம் இருக்கும், ஒரு பிளேட்டுக்கு ஒரு படி. இன்ஜின் வண்டியை இழுக்கும்போது முட்டும் பக்கம் ஆழமாகவும், இன்ஜின் பிரேக்கில் முட்டும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். பாஸ்கெட் பெரும்பாலும் அலுமினியம், அதனால் காதைவிட அதுதான் முதலில் பள்ளமாகும். லீவரைப் பிடிக்கும்போது பிளேட் வழுக்கி நகர வேண்டிய பாதை இதுதான். காது பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிங் விட்டாலும் பிளேட் நகராது. என் வண்டியில் புது பிளேட்டுகள் பழைய பிளேட்டுகளின் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான் விஷயம்.

நகம் லேசாக மட்டும் தட்டினால், தட்டையான அரத்தால் மேடுகளை மட்டும் இழைத்து வழுவழுப்பாக்கலாம். எல்லா விரல்களையும் ஒரே அளவில் இழைக்க வேண்டும். ஒரு விரலில் அதிகம் போனால் அது சுமை தாங்காது, மற்ற விரல்கள் சீக்கிரம் போகும். அரத்தூள் உள்ளே விழாமல் பாஸ்கெட்டைக் கழற்றி இழைப்பதுதான் சரி, இல்லையென்றால் சுற்றிலும் துணி அடைத்துக்கொண்டு செய்யுங்கள். பள்ளம் அரை மி.மீ.க்கு மேல் போனால் அரத்தை எடுக்காமல் பாஸ்கெட்டை மாற்றிவிடுங்கள். அவ்வளவு இழைத்தால் இடைவெளி கூடி, காது ஓடிவந்து முட்டும் வேகமும் கூடி, புதுப் பள்ளம் முன்பைவிட விரைவாக விழும்.

ஹப்பின் பற்களிலும் இதே மாதிரி பள்ளம் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள், அங்கே எஃகு பிளேட் முட்டும். பாஸ்கெட்டைக் கையால் பிடித்து அதன் பின்னால் உள்ள கியருக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் ரப்பரோ ரிவெட்டோ போயிருக்கிறது. முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், நடு நட் தளர்ந்திருந்தால் அங்கே தெரியும். புஷ்ராடின் முனை நீலமாகியோ நசுங்கியோ இருந்தால் ப்ளே கூடிக்கொண்டே போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மூடும்போது

புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளை வண்டிக்கு ஊற்றும் அதே ஆயிலில் சில மணி நேரமாவது ஊற வையுங்கள், இரவு முழுக்க ஊறினால் நல்லது. காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் தடவை லீவரை விடும்போதே பரப்பு கருகும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். இவை சின்ன போல்ட்டுகள், பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே அலுமினிய மரை, கை பலத்தைக் காட்டினால் மரை உருவிவிடும், அப்புறம் ஹப்பையே மாற்ற வேண்டிவரும்.

காட்டுக்குள் ஸ்லிப் ஆகி, மாற்றப் பிளேட் இல்லையென்றால் முதலில் கேபிளைத் தளர்த்துங்கள், கிளட்ச் ஆறும்வரை நில்லுங்கள். பல தடவை இதிலேயே வீடு வந்துவிடலாம். அதுவும் போதவில்லையென்றால் காயில் ஸ்பிரிங் உள்ள கிளட்ச்சில் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் ஒரே தடிமனில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். வாஷர் தடித்தால் லீவரைப் பிடிக்கும்போது ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், கிளட்ச் விடாது. திரும்பி வரும் வழியில் அரைக் கிளட்ச் வேண்டவே வேண்டாம். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, லீவரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்லத் திருகி வாருங்கள்.

புது பிளேட் போட்ட வண்டியை முதலில் ஒரு அரை மணி நேரம் சூடேறும்வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, அப்புறம் லீவர் ப்ளேயை மறுபடி அளந்து பாருங்கள். பிளேட்டுகள் படிந்து உட்காரும்போது அது கொஞ்சம் மாறியிருக்கும். ஆறிய நிலையில் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்து, அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த பயணம் முடிந்து அளக்கும்போது ப்ளே குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட அந்த எண் வேண்டும்.